ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே என் பெயர்

ஜனவரி 4, சனி

இந்த டைரி ஏஜென்சி கொடுத்தது. பூங்கதிர் ஓவர்சீஸ், திருச்சி. நீல அட்டை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உங்கள் நம்பிக்கையே எங்கள் அஸ்திவாரம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். முந்நூற்று அறுபத்தைந்து தடவை. தாளை வீணாக்க வேண்டாம் என்று எழுதத் தொடங்குகிறேன்.

பெயர் அருணகிரி. வயது நாற்பத்து நான்கு. தொழில் பைப் ஃபிட்டர். வெளிநாட்டில் எண்ணெய் ஆலைகளை அவ்வப்போது நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். அந்த நாற்பது ஐம்பது நாளுக்கு மட்டும் ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் ஆள் எடுப்பார்கள். பதினாறு வருடமாக நான் அப்படிப் போய்வருகிற ஆள். இதையெல்லாம் எனக்கே எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்டிருந்தார்கள், அந்த வேகத்தில் வந்துவிட்டது.

கடைசியாகப் போனது வளைகுடாவில் ஒரு கேம்ப்புக்கு. டிசம்பர் பதினெட்டாம் தேதி துவாக்குடி திரும்பினேன். வேலை எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் பரவாயில்லை என்றேன்.

என் மனைவி பொற்கொடிக்கு இன்று பள்ளிக்கூட ஆபீசில் வேலை இருந்தது. பாத்திரம் நான் கழுவினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கேஸ் ரெகுலேட்டரில் வாஷர் மாற்றினேன். பாத்திரம் கழுவினேன்.

யாழினி ஒரு சந்தேகம் கேட்டாள். என் மகள், பன்னிரண்டாம் வகுப்பு. "தட்டை ஏன்ப்பா எண்ணி எண்ணி அடுக்குறீங்க? ஆறு முடிஞ்சதும் மிச்சத்தத் தேடுற மாதிரி திரும்பிப் பாக்குறீங்க." பழக்கம் என்றேன். என்ன பழக்கம் என்று அவள் கேட்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

ஜனவரி 7, செவ்வாய்

கொண்டுவந்த பெட்டியை இன்றுதான் முழுதாகக் காலி செய்தேன். வேலைக்குப் போடுகிற கவரால் உடுப்பு இரண்டையும் பொற்கொடி துவைக்க எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். மடித்து மறுபடியும் பெட்டியிலேயே வைத்தாள்.

"அங்க லாண்டிரி நல்லா இருக்கும்" என்றேன்.

"அப்படியா" என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

ஏஜென்சிக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், செல்போன் கடைக்கு மேல்மாடி. படிக்கட்டுத் திருப்பத்தில் நான் இருக்கிறேன். ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ். கையில் விமான டிக்கெட், முகத்தில் சிரிப்பு, தலைக்கு மேலே ஐந்து மஞ்சள் நட்சத்திரம். கீழே எழுத்து: 'பூங்கதிர் மூலம் சென்றவர் எவரும் மனக்குறையோடு திரும்பியதில்லை. முழு மனநிறைவுடன், ப. அருணகிரி, பைப் ஃபிட்டர், துவாக்குடி.'

இதை நான் எழுதியது அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி, விமானம் ஏறுவதற்கு முதல் நாள். பாஸ்போர்ட் வாங்க எட்டுப் பேர் வரிசையில் நின்றோம். கவுண்டரில் ரெஜினா என்ற பெண். பாஸ்போர்ட்டை நீட்டுவாள், ஆனால் பிடியை விடமாட்டாள். "அண்ணே, கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டுட்டு வாங்கிக்குங்க. நாலு வரி எழுதிருங்க, சார் பாப்பாரு." அங்கே அதுதான் வழக்கம். போய்வந்த பிறகு எழுதச் சொல்கிற வழக்கம் கிடையாது. பந்தியில் உட்காருவதற்கு முன்பே சாப்பாடு பிரமாதம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. நன்றாகவே எழுதினேன்.

முதலாளி தாமோதரன் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க அருணகிரி. படிக்கட்டுல உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பாதிப் பேரு மேல ஏறி வர்றான். மார்ச்சுல ஒரு ஷட்டவுன் இருக்கு. இந்தத் தடவ அசல் ஃபிட்டர் வேல. உங்க பேரத்தான் மொதல்ல எழுதியிருக்கேன்."

போன தடவை என்ன வேலை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் ஷட்டவுனுக்கு எடுக்க மாட்டார்கள். எனக்கு ஏப்ரலில் நாற்பத்தைந்து. மார்ச்சில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இனி இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு டைரியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். இது இரண்டாவது டைரி. புத்தாண்டுக்கு முன்பே ஒன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

இருதயம் வந்திருந்தான். வெல்டர். என்னோடு அதே கேம்ப்புக்கு வந்த எட்டுப் பேரில் ஒருவன். அவன் ஒரு முடிவோடு வந்திருந்தான்: கான்ட்ராக்டில் போகிறவன் ஒவ்வொருவனும் தன்னை அனுப்பிய ஏஜென்சியைப் பற்றி எல்லோரும் பார்க்க இன்டர்நெட்டில் எழுத வேண்டும். உள்ளது உள்ளபடி, சொந்தப் பெயரில்.

"ஓட்டல்ல சாம்பாருல உப்பில்லன்னா எழுதுறான். நம்மள ஆட்டு மந்தை மாதிரி ஏத்தி அனுப்புறவனப் பத்தி எழுதுறதுக்கு என்ன?"

ஏற்கெனவே சிலர் எழுதியிருக்கிறார்களே என்றேன். போனை எடுத்து வாசித்துக் காட்டினான். ஒரு நட்சத்திரம் போட்ட ஒவ்வொருவருக்கும் கீழே ஏஜென்சியின் பதில் இருக்கிறது. 'அன்புள்ள சகோதரரே, தங்கள் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை. வேறு நிறுவனத்துடன் குழப்பிக்கொண்டிருக்கலாம். தாங்கள் வாழ்வில் உயர வாழ்த்துகள்.' பதினேழு பேருக்கும் எழுத்து மாறாமல் இதே பதில், இதே வாழ்த்து.

"உன்ன மட்டும் அப்படிச் சொல்ல முடியாது மாப்ள. உன்னச் செவுத்துல மாட்டி வச்சிருக்கான்ல."

அந்த நேரம் பொற்கொடி காபி கொண்டுவந்தாள். நான் பேச்சை மழைக்கு மாற்றினேன். திருச்சிப் பக்கம் மூன்று வாரமாக மழையே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானையின் அடிக்கரியைத் தேய்த்தது நான். புளியும் சாம்பலும் போதும். கம்பி நார் கூடாது, கோடு விழும்.

ஜனவரி 19, ஞாயிறு

ஃபிட்டர்கள் வாட்ஸப் குழுவில் இருதயம் விஷயத்தைக் கிளப்பிவிட்டான். இன்று மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு செய்தி.

எழுத வேண்டும் என்கிற கட்சிக்கு ஒரே வாதம்தான்: அடுத்து ஏறப் போகிறவனுக்குத் தெரியட்டும். எழுதக் கூடாது என்கிற கட்சிக்குப் பல வாதம். ஏஜென்டுகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள், ஓரிடத்தில் பெயர் கெட்டால் ஒன்பது இடத்தில் கெடும். பாதி ரிவ்யூ எதிர்க்கடை ஏஜென்சிக்காரன் எழுதுவது. கேம்ப் சரியில்லை என்றால் அதற்கு இங்கே இருக்கிற ஏஜென்சி என்ன செய்யும். துறையூர்க்காரர் ஒருவர், தான் ஒருமுறை ஒரு ஸ்டார் போட்டு, பிறகு பயந்துபோய் அழித்து, அதற்குப் பிராயச்சித்தமாக ஐந்து போட்டதாகச் சொன்னார். நடுவில் ஒருவர் பழைய பைக் விற்பனைக்கு என்று போட்டார். அதற்கு நாற்பது பதில்.

என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். நான் கும்பிடுகிற கையை மட்டும் அனுப்பினேன். எந்தக் கட்சிக்கும் அது பொருந்தும்.

ஜனவரி 22, புதன்

தெரியாத எண்ணிலிருந்து போன்.

"அருணகிரி அண்ணனாண்ணே? நான் மணப்பாறையிலருந்து சின்னப்பன் பேசுறேன். ஃபிட்டர்தாண்ணே. உங்க படத்த ஏஜென்சி படிக்கட்டுல பாத்தேன். துவாக்குடின்னு போட்டிருந்துச்சு, விசாரிச்சு நம்பர் வாங்குனேன்."

வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக நிரந்தர வேலையில் இருக்கிறானாம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பூங்கதிர் மூலம் போகப் போகிறான். எந்த கேம்ப் என்று கேட்டேன். சொன்னான். அதே கேம்ப்.

"நல்ல எடமாண்ணே?"

"சாப்பாடு நல்லா இருக்கும்."

"சாப்பாடு கெடக்குதுண்ணே. வேல?"

"சுத்தமான வேலதான்."

"அது போதும்ணே. இங்க ராஜினாமா லெட்டர் குடுக்கணும். பிப்ரவரி பத்து குடுத்துருவேன். உங்கள மாதிரி சீனியர் ஒருத்தர் சொன்னா தைரியந்தான்."

நான் சொன்ன இரண்டு பதிலிலும் பொய் கிடையாது.

ஜனவரி 23, வியாழன்

சின்னப்பன் காலை வணக்கம் அனுப்பினான். ரோஜாப்பூ.

ஜனவரி 24, வெள்ளி

மறுபடியும். இன்று முருகன்.

ஜனவரி 27, திங்கள்

சின்னப்பன் தன் குழந்தையின் படத்தை அனுப்பினான். கேட்கவில்லை, அவனாகவே அனுப்பினான். குழந்தை அவனுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது. மூக்கு வரை மறைந்துவிட்டது.

மதியம் குழாயடிச் சாக்கடை அடைத்துக்கொண்டது. திறந்து சுத்தம் செய்தேன். இட்லி மாவு.

ஜனவரி 30, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை.

கேம்ப்பில் இறங்கிய மறுநாளே தெரிந்துவிட்டது. ஃபிட்டர் வேலைக்கு ஆள் நிரம்பி இரண்டு வாரம் ஆகிறது. ஏஜென்சிக்கும் அது முன்பே தெரியும். ஒரு வாரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். எட்டாம் நாள் சூப்பர்வைசர் வந்தார். வேண்டுமானால் கேம்ப் சமையற்கட்டில் வேலை இருக்கிறது, இல்லாவிட்டால் சொந்தச் செலவில் ஊருக்குப் போகலாம் என்றார். இருதயத்தைப் படுக்கையறைகள் கூட்ட அனுப்பினார்கள். எனக்குப் பாத்திரம்.

நாற்பத்தொரு நாள். அறுநூறு பேர், மூன்று வேளை. தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கினால்தான் ஸ்டீல் ட்ரேயில் சரியாக உட்காரும். இரண்டு பைப்பை இணைக்கிற ஆறங்குல ஃப்ளாஞ்சை அரை மில்லிமீட்டர் பிசகாமல் உட்காரவைக்கிற கை இது. அங்கேயும் நன்றாகத்தான் செய்தேன். கடைசி நாள் தலைமைச் சமையல்காரர் என் தோளில் தட்டி, இவ்வளவு சுத்தமாக யாரும் கழுவியதில்லை என்றார். எனக்குப் பொங்கிக்கொண்டு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போன் பேசும்போது, இன்று பெரிய பைப் லைன் ஒன்றை இழுத்தோம் என்றெல்லாம் சொல்வேன். சம்பளம் வந்தது, குறைவாக வந்தது. ஏன் என்று பொற்கொடி கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

இதையும் எழுத வேண்டும். அன்று கவுண்டரில் நின்ற எட்டுப் பேரில் தமிழ் டைப் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "நீங்களே எல்லாருக்கும் போட்டுக் குடுங்கண்ணே, வேன் நிக்குது" என்றாள் ரெஜினா. ஏழு போன்களை வரிசையாக வாங்கினேன். எட்டு ரிவ்யூவும் நான் எழுதியவை. ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று கவனமாக மாற்றி மாற்றி எழுதினேன். இருதயத்தின் பெயரில் இருப்பது இதுதான்: 'சொன்ன வேலை, சொன்ன இடம், சொன்ன தேதி.' நாற்பத்தொரு நாள் விளக்குமாறு பிடித்தவன் அவன். இன்றுவரை என்னிடம் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இருதயம் போன் செய்தான். ஏன் தள்ளிப்போடுகிறாய், மார்ச் வேலைக்காகவா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது முழு உண்மை இல்லை.

ஏஜென்சியைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்னைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். யாழினி பானிபூரி வண்டிக்குக்கூட எத்தனை ஸ்டார் என்று பார்க்கிற பிள்ளை. பொற்கொடியின் பள்ளிக்கூட ஆபீசில் நான்கு பேர், நான்கு பேர் கையிலும் போன். என் வீட்டுக்காரர் ஃபிட்டர் என்று அவள் சொல்கிறபோது குரல் கொஞ்சம் ஏறும். எனக்கு அது பிடிக்கும். அதை இழக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

சின்னப்பன்: 'அண்ணே லெட்டர் எழுதி வச்சுட்டேன். திங்கக்கெழம குடுக்குறேன்.' கூடவே ஒரு பிள்ளையார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொன்றரைக்கு, பொற்கொடியும் யாழினியும் மார்க்கெட் போயிருந்தபோது, பழைய ரிவ்யூவைத் திறந்தேன். திருத்து என்று ஒரு இடம் இருக்கிறது. ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கினேன். மனநிறைவை எடுத்தேன். எழுதியது இவ்வளவுதான்:

'நான் பைப் ஃபிட்டர். பூங்கதிர் என்னை ஃபிட்டர் என்று சொல்லி அனுப்பியது. அங்கே ஃபிட்டர் வேலை இல்லை என்று அவர்களுக்கு முன்பே தெரியும். நாற்பத்தொரு நாள் கேம்ப் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினேன். இதற்கு முன் இங்கே நான் எழுதியது புறப்படுவதற்கு முதல் நாள், பாஸ்போர்ட் கைக்கு வருவதற்காக எழுதியது. அதை நம்பி யாரும் போக வேண்டாம். ப. அருணகிரி, துவாக்குடி.'

பாத்திரம் கழுவியது அவமானம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

சின்னப்பனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை.

அவர்கள் கத்தரிக்காயும் சேப்பங்கிழங்கும் வாங்கி வந்தார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

சின்னப்பன் காலை வணக்கம் அனுப்பவில்லை.

ஏஜென்சி பதில் எழுதியிருக்கிறது. 'அன்புள்ள சகோதரரே, தங்கள் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை. வேறு நிறுவனத்துடன் குழப்பிக்கொண்டிருக்கலாம். தாங்கள் வாழ்வில் உயர வாழ்த்துகள்.'

பிப்ரவரி 11, செவ்வாய்

தாமோதரன் பேசினார். கத்தவில்லை. "உங்களுக்கு நான் என்ன கொற வச்சேன் அருணகிரி? கம்பெனிக்காரன் வேல மாத்துனா நான் என்ன பண்ணுவேன்? பழையபடி மாத்திருங்க. மார்ச்சுல உங்கள அனுப்புறது என் பொறுப்பு."

"என் பேருதான் பதிவேட்டுல இல்லையே சார்" என்றேன்.

பாஸ்போர்ட்டை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

என் ரிவ்யூவுக்கு மேலே புதிதாக ஒன்று வந்திருக்கிறது. எழுதியவர் சின்னப்பன், மணப்பாறை. ஒரு நட்சத்திரம். படிக்கட்டு ஃப்ளெக்ஸின் படம், அதில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே ஒரே வரி: 'இவர் பெயர் பதிவேட்டில் இல்லையாம். படிக்கட்டில் இருக்கிறது.'

அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"லெட்டரக் கிழிச்சுட்டேண்ணே. ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

சொல்லியிருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

பிப்ரவரி 13, வியாழன்

எட்டுப் பேரில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, தங்கள் ரிவ்யூவையும் மாற்றித்தரச் சொன்னார்கள். இருதயம் முதல் ஆள். டைப் செய்து கொடுத்தேன். இம்முறை அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் வார்த்தையிலேயே. மற்ற நால்வர் வேண்டாம் என்றுவிட்டார்கள், மார்ச் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

வேறு இரண்டு ஏஜென்சியில் விசாரித்தேன். இப்போதைக்கு ஆள் தேவையில்லையாம். துவாக்குடியிலேயே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் திங்கள் முதல் வரச் சொன்னார்கள். பழைய பைப்பை வெட்டி ஒட்டுகிற வேலை. ஃபிட்டர் வேலை.

பொற்கொடி இன்னும் எதுவும் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

பாஸ்போர்ட் வாங்கப் போனேன். படிக்கட்டுச் சுவரில் நான்கு ஆணி மட்டும் இருந்தது. ரெஜினா பாஸ்போர்ட்டை நீட்டினாள். இந்த முறை உடனே விட்டாள். கவுண்டருக்குப் பின்னால் குப்பைக் கூடையில் ஃப்ளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது.

"எடுத்துக்கலாமாம்மா?"

"உங்க படம்தானண்ணே" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கம் பாத்திரம் போட்டு உட்கார்ந்தேன். பொற்கொடி வந்து என் கையிலிருந்த நாரை வாங்கினாள்.

"எந்திரிங்க. போதும், நான் பாத்துக்குறேன்."

"என்ன திடீர்னு?"

"பத்தாம் தேதியே படிச்சுட்டேன். ஆபீஸ்ல எல்லாருந்தான் படிச்சாங்க." குனிந்து தேய்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். கவரால்ல ஒரு பொட்டு கிரீஸ் இல்ல, ஒரு நெருப்புப் பொறி ஓட்ட இல்ல. உள்ளங்கையெல்லாம் சோப்பு தின்னு வெளுத்துக் கெடந்துச்சு. பதினாறு வருசமா உங்க கவராலத் தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் கேக்கல?"

"எப்படிக் கேக்குறது? வந்து எறங்குன அன்னைக்கே பரவாயில்லன்னுட்டீங்க. ஊரறிய அஞ்சு ஸ்டார் போட்டுட்டு வந்த மனுசங்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

கண் எரிந்தது. சோப்பு அவள் பக்கம்தான் இருந்தது.

கழுவிய பாத்திரத்தை வைக்கத் தரை ஈரமாக இருந்தது. மூலையில் சாய்த்துவைத்திருந்த ஃப்ளெக்ஸை எடுத்து உதறினாள். ஆறடி நீளம், நல்ல கனம், தண்ணீர் இறங்காது. கொல்லையில் விரிக்கப் போனவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூஞ்சி கீழ இருக்கட்டுமா, மேல இருக்கட்டுமா?"

"மேலயே இருக்கட்டும்" என்றேன்.

விரித்தாள். அவள் கழுவிக் கொடுத்தாள், நான் அடுக்கினேன். ஆறு தட்டு. ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.